முன்சக்கரத்தடியில் ஒரு சோடிச் செருப்பு

செருப்பு இரண்டும் வலப்பக்க முன்சக்கரத்தின் ஓரமாக, குதிப்பக்கம் வண்டியையும் விரற்பக்கம் வெளியையும் பார்த்தபடி, ஒன்றோடொன்று ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. முத்தலிபு, பழுதான வண்டிகளை ஏற்றிப் போகும் தன் கெரியர் லொறியை நிறுத்தி இறங்குமுன்பே கண்ணாடிக்குள்ளால் அதைத்தான் முதலில் கண்டான். வயிறு மணலில் படக் குந்திக் கிடந்த அந்தப் பெரிய கறுப்பு ஜீப் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

கடலோரத்தில் செருப்புக்கா பஞ்சம்? குறிஞ்சிப்பிட்டி தாண்டிக் களப்புக் கரைக்குப் போகிற இந்த மணல் பாதை நெடுகிலும், அறுந்த வாரும் தேய்ந்த அடியுமாக எத்தனையோ செருப்புகள் கிடந்தன. ஆனால் அவையெல்லாம் கவிழ்ந்தும் சரிந்தும், ஒன்று இங்கே மற்றது அங்கே என்று கிடப்பவை. இது கையால் வைத்தது. வைத்தவன் அவசரப்படாமல் குனிந்து, நேர் பார்த்து வைத்திருக்கிறான்.

"யாருப்பா கீழ?" என்று முத்தலிபு சத்தம் வைத்தான்.

பின்னேர அசர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வெயில் இன்னும் மணலில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கைவிட்ட வெங்காயத் தோட்டம், அதன் கிழிந்த வலைவேலி, மறுபக்கம் தாழம்புதர், அதற்கப்பால் களப்பு. கண்ணுக்கெட்டிய மட்டும் ஆள் இல்லை, மாடு இல்லை. சோளகக் காற்று மட்டும் நிற்காமல் வீசி, வேலியின் தகரத் துண்டொன்றைக் கிடுகிடுக்க வைத்து, பாசியும் உப்பும் காய்ந்த நாற்றத்தை முகத்தில் அப்பிவிட்டுப் போனது.

வண்டிக்குக் கீழே போகிறவன் செருப்பைக் கழற்றி முன்சக்கரத்தடியில் வெளியே பார்க்க வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். செருப்பு கிடக்கும்வரை வண்டியை உயர்த்தும் ஜக்கில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. வெளியே வந்தவன் தானே காலில் போட்டுக்கொள்வான். மற்றவன் அதைத் தொடவும் கூடாது. தில்லையடியில் அவனும் மச்சான் அஸ்ஜத்தும் வேலை பழகிய கராஜில், முதல் நாள் ஸ்பேனரைக் கையில் கொடுக்குமுன் சொல்லிக் கொடுத்த சட்டம் அது. இந்த அத்துவானத்தில் வந்து அந்தச் சட்டப்படி செருப்பை வைத்துவிட்டுப் போனவன் யார்?

அப்போதுதான் அவனுக்கு ஒரு எண்ணம் வந்தது. வண்டியின் சாரதி, காற்று எங்கே கசிகிறது என்று பார்க்கக் கீழே நுழைந்திருக்க, மேலே வண்டி குந்தியிருந்தால்? இந்த வகை வண்டிக்கு வில்லுத் தகடு கிடையாது. நாலு சக்கரத்திலும் நாலு றப்பர்ப் பை, பைக்குள் காற்று. காற்று இருக்கும்வரை வண்டி ராசா மாதிரி நிற்கும். போய்விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் குந்திவிடும். அவன் மணலில் விழுந்து கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். இரண்டு விரல் நுழையும் இடைவெளி. உள்ளே இருட்டு.

எழும்பிக் கில்பட்டுக்குப் போன் எடுத்தான். களப்போரத்து ஹோட்டல் ஒன்றின் முகாமையாளன் கில்பட், சிலாபத்துக்காரன். பகல் இவனைக் கூப்பிட்டு, பொஸ்ஸின் வண்டி குந்திவிட்டது, சாவி பின்சக்கரத்தின் மேல் இருக்கிறது, ஏற்றிக்கொண்டு போய்விடு என்று சொன்னவன் அவன்தான்.

"ஹலோ அண்ணே, வந்துட்டீங்களா? பொஸ் இங்க கத்துறாரு."

"சாரதி எங்க?"

"சாரதியா? இந்தா எனக்கு முன்னால இருந்து சோறு திங்கிறான். ஏன்?"

"வண்டிக்குக் கிட்ட ஒரு சோடிச் செருப்பு இருக்கு."

"எங்கட ஆக்கள்ட இல்ல. எல்லாரும் இங்கதான். யாராவது மீனுக்குப் போறவன் விட்டிருப்பான். தூக்கி எறிங்க அண்ணே, இருட்டுறதுக்குள்ள ஏத்துங்க."

தூக்கி எறியட்டாம். சொல்லுவான், அவனுக்கென்ன. முத்தலிபு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். கீழே யாரும் இல்லையென்று தெரிந்த பிறகுதான் உண்மையான பயம் வந்தது.

இன்னொருத்தனின் செருப்பை அவன் ஒரு தரம் எடுத்திருக்கிறான். ஒரே ஒரு தரம்.

எட்டு மாதத்துக்கு முன், கனமூலைப் பக்கம், பேய்மழை. தெருவோர வடிகானுக்குள் இறங்கிய வேன் ஒன்றை ஜக்கில் உயர்த்தி வைத்து, அஸ்ஜத் கீழே போய்ச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். சட்டப்படி செருப்பைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டுத்தான் போனான். கானில் தண்ணீர் ஏறி, செருப்பு மிதந்து ஓடப் பார்த்தது. பாவம், புதுச் செருப்பு, போய்விடுமே என்று முத்தலிபு அதை எடுத்து லொறிக்குள் போட்டான். அந்த நேரம் பார்த்து வேறொரு வாடிக்கையாளன் போனில் வந்து கத்தினான். லொறிக்குள் இருந்தபடியே ஐந்து நிமிடம் அவனோடு வாய்ச்சண்டை. போனை வைத்துவிட்டு, அதே கோபத்தோடு மழைக்குள் ஓடி வந்து சக்கரத்தடியைப் பார்த்தான். செருப்பு இல்லை. செருப்பு இல்லையென்றால் ஆள் இல்லை. பத்தொன்பது வருடப் பழக்கம் கண்ணுக்கு அப்படித்தான் சொன்னது. ஜக்கை இறக்கினான்.

அஸ்ஜத்துக்கு அப்போது வயது முப்பத்தொன்று. முத்தலிபின் மனைவி நுஸ்ராவின் ஒரே தம்பி. கலியாணம் பேசி முடிவாகியிருந்தது. சனம் கூடி, பொலிஸ் வந்து, என்ன நடந்தது என்று கேட்டபோது முத்தலிபின் வாயில் வந்தது ஒரே ஒரு வசனம்: அவன் செருப்பைக் கழற்றி வைக்கவில்லை. யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு அது அப்படியே நின்றுவிட்டது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், லொறியின் இருக்கைக்குக் கீழே கிடந்த செருப்பைச் சீலைப்பையில் சுற்றி, கல் வைத்துக் கட்டி, களப்பில் எறிந்தான். இப்போது புத்தளத்துக் கராஜ்களில் புதிதாகச் சேருகிறவர்களிடம், செருப்பு வைக்க மறந்தால் அஸ்ஜத்தின் கதிதான் என்று சொல்கிறார்கள். மற்றொரு கெரியர்காரன் றொபி அதை இவன் முகத்துக்கு முன்னாலேயே ஒரு புதியவனிடம் சொன்னான். இவன் தலையாட்டிக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு அவன் யாரையும் துணைக்குச் சேர்க்கவில்லை. லொறியின் இடப்பக்க இருக்கை வெறுமையாகத் தெரியாமல் இருக்கக் கயிறுகளையும் பட்டிகளையும் அதில் குவித்து வைத்திருந்தான். போன் வந்தால் போவான், ஏற்றுவான், இறக்குவான், வருவான். சில நாட்களில் காலையில் வீட்டில் கதைத்ததோடு சரி, பொழுது படுமட்டும் வேறு ஆளோடு ஒரு வார்த்தை இராது.

"செருப்பு கிடந்தாக் கிடக்கட்டும்," என்று உரக்கச் சொன்னான். தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நான் என்ட வேலையப் பாக்குறன்."

வேலை லேசானதில்லை. குந்தியிருக்கும் வண்டியை அப்படியே கம்பி போட்டு இழுத்தால் முன்பக்கம் பிய்ந்துவிடும். உயர்த்திய பிறகுதான் லொறியில் ஏற்றலாம். ஜக்கு நுழையவும் இடமில்லை. மண்வெட்டியால் வலப்பக்கத்து மணலைத் தோண்டினான். தோண்டத் தோண்டக் காற்று மணலைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டியது. செருப்பைத் தொடாமல், சுற்றிப் போய்ச் சுற்றிப் போய்த் தோண்டினான். பலகையை வைத்து, அதன்மேல் தாழ்ந்த ஜக்கைத் தள்ளி, பிடியை மெல்ல மெல்ல அமத்தினான். கீழே உலோகம் எங்கோ முனகி, மணல் சரசரவென்று உதிர்ந்து, வண்டி அரை விரல் எழுந்தது.

டக், டக்.

முத்தலிபின் கை அடுத்த அமத்தலுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகும் ஒன்று, அதற்குப் பிறகும் ஒன்று. ஏழெட்டுத் தரம் அமத்திய பிறகுதான், தான் எதைக் கேட்டு அமத்திக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. மழையிலும் காற்றிலும் குரல் கேட்காது. ஆகவே கீழே இருப்பவன் ஸ்பேனரால் தகட்டில் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் உயர்த்து. ஒரு தட்டு என்றால் நிறுத்து.

"சூடு," என்றான் அவன். "நாள் முழுக்க வெயில்ல கிடந்த இரும்பு. ஆறுது. அவ்வளவுதான்."

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அமத்தினான். ஒரு சாண் உயர்ந்தது. இன்னும் கொஞ்சம்.

டக்.

கை நின்றது. அவன் நிறுத்தவில்லை, கை தானாக நின்றது. எத்தனை வருடம் அந்த ஒரு தட்டுக்கு நின்று பழகிய கை அது. ஜக்கின் பிடியைப் பிடித்தபடி, கழுத்தைத் திருப்பவும் துணிவில்லாமல், காதை மட்டும் தீட்டிக்கொண்டு குந்தியிருந்தான். தகரம் கிடுகிடுத்தது. தாழம்புதர் உரசியது. களப்பில் எங்கோ ஒரு படகின் இயந்திரம் இருமிவிட்டு அடங்கியது.

பிறகு விழுந்து பார்த்தான். மேற்கே சாய்ந்துவிட்ட வெயில் மறுபக்கத்தால் நுழைந்து, வண்டியின் வயிறு முழுவதையும் மஞ்சளாகக் காட்டியது. குழாய்கள், தகடுகள், தொங்கும் பாசிக் கயிறு ஒன்று. ஆள் இல்லை. யாரும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டவன், எழும்பப் போகும்போதுதான் மணலைக் கவனித்தான். வண்டி நசுக்கிக் கிடந்த மணலுக்கு நடுவே, ஓர் ஆள் நீளத்துக்கு, மணல் நன்றாக மழித்துவிட்டாற்போல் இருந்தது. ஒருத்தன் முதுகால் நகர்ந்து நகர்ந்து உள்ளே போன தடம். உள்ளே போன தடம் மட்டும். வெளியே வந்த தடம் இல்லை.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. லொறியில் ஏறி, கதவைப் பூட்டி, பாலாவிச் சந்தியில் விளக்கைக் காணுமட்டும் நிறுத்தாமல் ஓட்டலாம். ஓடிப் போய் யாரிடம் என்ன சொல்வது? செருப்பைக் கண்டு பயந்தேன் என்றா? ஏன் பயந்தாய் என்று கேட்பார்களே. றொபியைக் கூப்பிட்டால் வருவான், வந்து, இந்த வயசில் உனக்கு என்னப்பா என்று சிரிப்பான், பிறகு யோசிப்பான். யோசிக்க விடக் கூடாது. எட்டு மாதமாக அவன் காத்து வருவது அது ஒன்றைத்தான்: யாரும் யோசிக்கக் கூடாது. நுஸ்ரா யோசிக்கவே கூடாது.

அப்படியே அவன் வேலையைத் தொடர்ந்தான். லொறியின் காற்றுக் குழாயை இழுத்து வந்து, முன்சக்கரத்துப் பைகளுக்குப் போகிற மெல்லிய குழாயைக் கழற்றி அதன் இடத்தில் மாட்டினான். காற்று சீறிக்கொண்டு ஏறியது. முன்பக்கம் மெல்ல, மிக மெல்ல, தூக்கத்திலிருந்து எழும்பும் மாட்டைப் போல எழுந்து நின்றது. நல்லது. பழைய வண்டி என்றால் சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். இது காற்றில் நிற்கிற வண்டி, உடம்புக்கே கட்டை வைக்க வேண்டும். பாலைமரக் கட்டை இரண்டை எடுத்து வந்து வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று வண்டியின் வயிற்றடியில் நிறுத்தினான். ஜக்கை உருவி எடுத்துவிட்டுக் கையால் ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. காலால் உதைத்தும் பார்த்தான்.

வலப்பக்கக் கட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது செருப்பு அவனுடைய முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைச் சுற்றி மணல் நனைந்திருந்தது. மூன்று மாதமாக ஒரு துளி மழை விழாத மணல். நனைந்தது மட்டுமில்லை, சிவந்திருந்தது. இந்தக் கரையில் சிவந்த மண் கிடையாது, வெள்ளை மணல்தான். சிவந்த களி கனமூலைப் பக்கத்துக் கானில்தான் இருக்கும். அவன் விரலால் தொட்டு மூக்கருகே கொண்டு போனான். மழைநீரும் டீசலும் கலந்த நாற்றம். அந்த நாளின் நாற்றம்.

அவனுக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல், சின்னப்பிள்ளை மாதிரி, முழங்காலில் நின்றபடி அழுதான்.

"மச்சான்," என்றான். "நான் வேணுமெண்டு செய்யல்ல. உனக்குத் தெரியுந்தானே. தண்ணில போகப் போகுதேண்டு எடுத்தன். உன்ட நல்லதுக்குத்தான்டா எடுத்தன்."

காற்று அதை வாங்கிக்கொண்டு போனது. ஒன்றும் நடக்கவில்லை. சொன்னதே போதும் என்று அவனுக்கு ஓர் ஆறுதல் வந்தது; யாரும் இல்லாத இடத்தில் சொல்வது எவ்வளவு லேசாக இருந்தது! முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டு எழும்பினான். சூரியன் களப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வேலைதான். இழுக்கிற கொக்கியைப் பூட்டும் வளையம் வண்டியில் இல்லை. பெட்டி முழுக்கத் தேடிவிட்டான். கீழே போய் முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளில் பட்டியைச் சுற்றிக் கட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

தன் செருப்பைக் கழற்றுவதா என்று ஒரு கணம் நின்றான். தனியாள், யாருக்குக் காட்ட? போட்டபடியே மல்லாந்து படுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, குதியால் மணலை உதைத்து உதைத்து உள்ளே போனான்.

வண்டியின் வயிறு மூக்குக்கு ஒரு முழம் மேலே இருந்தது. கிறீஸ் நாற்றம். உப்பு நாற்றம். காற்றின் இரைச்சல் இங்கே குறைந்து, தன் மூச்சே காதுக்குள் பெரிதாகக் கேட்டது. இடப்பக்க இரும்புக் கையில் பட்டியைச் சுற்றினான். வலப்பக்கத்துக்குத் திரும்பும்போது சட்டைப் பையில் போன் துடித்தது. நுஸ்ரா.

இரண்டு கையும் வேலையில் இருந்ததால் போனைக் காதுக்குப் பக்கத்தில் மணலில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

"இஞ்சாருங்க, எங்க இருக்கீங்க?"

"குறிஞ்சிப்பிட்டில. ஒரு ஜீப். முடியப் போகுது."

"தனியாவா?"

"வேற யாரு."

வீட்டின் சத்தங்கள் போனுக்குள்ளால் வந்தன. பாத்திரம் ஒன்று வைக்கப்பட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வியாழன் பின்னேரம் என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நுஸ்ராவின் உம்மா, சித்தி மரியம் என்ற மாமி, வியாழன் பொழுதுபட்டதும் தொடங்கும் ஒவ்வொரு வெள்ளி இரவும் மகனுக்காகக் குர்ஆனின் யாசீன் ஓதுகிறவள்.

"உம்மா இண்டைக்கு நேரத்தோட ஓதி முடிச்சிட்டா," என்றாள் நுஸ்ரா. "அழுதுகிட்டே இருக்கா. உங்களிட்ட ஒண்டு கேக்கச் சொல்றா. கோவிக்கப்படாது."

"கேளு."

"அவன் உண்மையாவே செருப்பக் கழட்டி வெக்கல்லயாண்டு. பள்ளிக்குப் போனாலும் தன்ட செருப்ப நேராக்கி, பக்கத்துல கிடக்குற மத்தவங்கட செருப்பையும் நேராக்கி வெச்சிட்டுப் போற புள்ள, அவன் எப்பிடி மறப்பாண்டு கேக்குறா. ராவெல்லாம் இதேதான். கவனமில்லாமத் தன்னத்தானே மவுத்தாக்கிக்கிட்டான்டு சனம் சொல்றத அவவால தாங்க ஏலாம இருக்கு." அவளுடைய குரல் உடைந்தது. "எனக்கும்தான். ஒரு தரம் சொல்லுங்க. அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க."

ஒரு வசனம். கொஞ்ச நேரத்துக்கு முன் காற்றிடம் சொன்ன அதே வசனம். வாய்வரை வந்தது. சொன்னால் அவள் என்ன செய்வாள் என்பதும் கூடவே வந்தது. அவள் முகம். மாமியின் முகம். நாளைக்கு வீடு. நாளைக்குத் தில்லையடி.

"வெக்கல்ல, நுஸ்ரா," என்றான். "எத்தன தரம் சொல்றது? அவன் வெக்கல்ல."

டக்.

காதுக்குப் பக்கத்தில். தலைக்குப் பக்கத்துத் தகட்டில்.

முத்தலிபு அசையவில்லை. கண்ணை மட்டும் இடப்பக்கம் ஓட்டினான். கட்டை நின்றது. கட்டைக்குப் பின்னால் சிவந்த வானம். பிறகு கட்டை நகர்ந்தது. சாயவில்லை, விழவில்லை. நேராக, மெதுவாக, மணலில் கோடு கிழித்துக்கொண்டு வெளியே போனது. யாரோ இழுத்துக்கொண்டு போனது போல. வெளிச்சத்தில் யாரும் இல்லை.

வலப்பக்கம் திரும்பினான். அந்தக் கட்டையும் இல்லை.

காற்றுப் பை சீறியது.

குதியை ஊன்றி உதைத்தான். மணல் வழுக்கியது. மறுபடி உதைத்தான். தகடு இறங்கியது. நெஞ்சில் தொட்டது. அமத்தியது. நின்றது.

நின்றுவிட்டது. நசுங்கவில்லை. ஆனால் நெஞ்சு விரியவில்லை. பாதி மூச்சு உள்ளே. பாதி மூச்சு வெளியே. கத்த வாய் திறந்தான், காற்று இல்லை. போன், கை எட்டாத இடத்தில், திரை மேலே பார்க்கச் சரிந்து கிடந்தது. வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஹலோ? இஞ்சாருங்க? என்ன சத்தம் அது?"

அவனால் முடியவில்லை. உதடு மட்டும்.

"யாரு அது? யாரு பக்கத்துல கதைக்கிறது?"

ஒருத்தரும் கதைக்கவில்லை. முத்தலிபுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தன் அரை மூச்சு. தகரம். அவ்வளவுதான்.

"யாரு?" நுஸ்ராவின் குரல் தாழ்ந்தது. பிறகு, "தம்பி?"

இல்லை, என்று சொல்ல நினைத்தான். இங்கே யாரும் இல்லை நுஸ்ரா. போனை வை.

"ஓம்," என்றாள் அவள். "ஓம் தம்பி. ராத்தாதான். சொல்லு."

திரையில் வினாடிகள்.

"ஓம்... நல்ல மழ... ஓம்... சக்கரத்தடியில. நேரா வெச்ச. எனக்குத் தெரியும்டா. உம்மாவுக்கும் தெரியும்."

அவள் அழுதுகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை எட்டு மாதமாக அவன் கேட்டதில்லை.

"பொறகு? யாரு எடுத்தது?"

கேட்காதே. நுஸ்ரா, கேட்காதே.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சூரியன் போய்விட்டது. வண்டிக்கடியில் வெளிச்சம் என்று இருந்தது அந்தப் போன் திரை மட்டும். எங்கோ தொலைவில், காற்றில் அறுந்து அறுந்து, தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு.

"உம்மா," என்று நுஸ்ரா கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. "உம்மா, இங்க வாங்க. போனப் பிடிங்க."

யாரோ எழும்பும் சத்தம். வளையல். மூச்சிரைப்பு.

முத்தலிபு கழுத்தைத் திருப்பினான். திருப்ப வேண்டாம் என்று தெரிந்தும் திருப்பினான். திரையின் நீல வெளிச்சத்தில், போனுக்கு மேலாக, ஒரு தாடை தெரிந்தது. உதடு தெரிந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக, ஓசையே இல்லாமல். கண் போனைப் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்தது.

"ஓம் மகன்," என்றாள் மாமி. "உம்மா கேக்குறன். பொறகு அவர் என்ன செஞ்சார்?"

உதடு அசைந்தது. மேலே, காற்றுப் பை மறுபடியும் சீறி இறங்கத் தொடங்கியது.